செங்கழுநீர் நகரில் இரண்டாம் டேக் கிடையாது

நகரத்துக்குத் தெற்கே, பேருந்து போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தையும் தாண்டி, ஏரியைத் தூர்த்த மண்ணின்மேல் இருபத்து நான்கு கட்டடங்களை நிறுத்தி, ஒவ்வொன்றையும் எட்டு மாடி உயர்த்தி, எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சளை அடித்து, செங்கழுநீர் நகர் என்று பேர் வைத்தார்கள். ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்த சனங்களை ஒரு மழைக்காலத்தில் லாரிகளில் ஏற்றிக்கொண்டுவந்து, குடும்பத்துக்கு ஒரு சாவியும் சாவிக்கு ஒரு எண்ணும் கொடுத்து இறக்கிவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் பாத்திரங்களை அடுக்கினார்கள், சாமி படத்தை மாட்டினார்கள், வேலைக்குப் போக மூன்று பேருந்து மாற வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள், தண்ணீர் மேல்மாடிக்கு ஏறாது என்று கண்டுபிடித்தார்கள், லிப்டு நினைத்தால் வரும் நினைத்தால் வராது என்றும் கண்டுபிடித்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் மட்டும் அந்தப் பூப்பேரைச் சொல்லவே இல்லை. "எட்டு மாடி, எட்டு மாடி" என்று கூவித்தான் ஆள் ஏற்றினார்கள்.

பதினேழாம் பிளாக்கின் ஆறாவது மாடியில் டில்லிபாபுவும் அவன் மனைவி கோமளாவும் இருந்தார்கள். டில்லி கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன். விடிந்ததும் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவான். கோமளா ஆற்றோரத்தில் இருந்தவரை நான்கு வீட்டில் வேலை செய்தாள்; இங்கே வந்த பிறகு அந்த நான்கு வீடும் போய்வர முடியாத தூரமாகிவிட்டன. அவர்களுக்குப் பூவிழி என்று ஒரே மகள். எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு, விழுந்த இரண்டு முன்பற்களில் ஒன்று பாதி முளைத்திருந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் கோமளா அவளைப் பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னாள். பூவிழி ஓடிப்போய் லிப்டுக் கதவை இழுத்தாள். கதவு திறந்தது. லிப்டு அங்கே இல்லை.

வீடு ஒதுக்கிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அந்தக் கதவின் குறுக்கே ஒரு பலகையை ஆணியடித்துவிட்டுப் போனான். குடியிருப்போர் சங்கத் தலைவர் மாசிலாமணி மனு எழுதி, நாற்பத்தோரு பேரிடம் கையெழுத்து வாங்கி, மூன்று பேருந்து மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். விசாரணை வைப்பதாகச் சொன்னார்கள். பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பதினோரு மாதமும் கோமளா அந்தப் பலகைக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். டில்லி காலையில் அவளைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போவான், சாயங்காலம் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போவான். காலையில் வைத்துவிட்டுப் போன சோறு தட்டில் அப்படியே காய்ந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கேமராவோடு காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள்.

அதிதி என்ற பெண்ணும் அவளோடு படிக்கும் ஆல்வினும். கடைசி வருஷப் பரீட்சைக்கு இருபது நிமிஷத்தில் ஒரு உண்மைப் படம் எடுத்துக்காட்ட வேண்டுமாம். முதல் வாரம் சாக்கடையை எடுத்தார்கள், குப்பைமேட்டை எடுத்தார்கள், எட்டு மாடி முழுக்கக் கொடியில் காயும் துணிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். "எத்தினி வாட்டிதான் சாக்கடையவே எடுப்பீங்க? எங்க வூட்டுக்குள்ள டைல்ஸ் போட்டுக்கீறோம், அதையும் வந்து எடுங்க" என்று பெண்கள் கூப்பிட்டார்கள். அதிதி போனாள். எந்த வீட்டில் எது கொடுத்தாலும் சாப்பிட்டாள், ஆறாவது மாடிக்கு ஒருத்தி குடத்தைத் தூக்கும்போது கூடவே ஒரு குடம் தூக்கினாள், அதனால் சனங்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. இரண்டாவது வாரம், பேசச் சொல்லி எடுக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் பேசியது தரைத்தளத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் சுகுணா. ஆற்றோரத்தில் வீடு இடித்த அன்று என்ன நடந்தது என்று அதிதி கேட்டாள். சுகுணா கையை வீசி வீசிச் சொன்னாள்: ஜேசிபி வந்தபோது அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்ததாம், இறக்கக்கூட விடவில்லையாம், கொதிக்கிற பானையை அப்படியே தலையில் தூக்கிக்கொண்டு ஓடினாளாம், வெந்நீர் தோளில் வழிய வழிய ஓடினாளாம், சாலையில் போய் நின்று திரும்பிப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் ஆறு தெரிந்ததாம், அத்தனை வருஷம் அங்கே இருந்தும் ஆற்றை அவ்வளவு நன்றாக அன்றைக்குத்தான் பார்த்தாளாம். சொல்லி முடிக்கிற நேரத்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"சவுண்டு கெட்டுப்போச்சு. அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்றான் ஆல்வின்.

"இன்னாத்த சொல்றது?"

"அதான் அக்கா, ஜேசிபி வந்தது. இட்லிப் பானையோட ஓடினது."

"யாரு ஓடுனது?" என்றாள் சுகுணா. தோளில் இருந்த வெந்த தழும்பைத் தடவிப் பார்த்து, "இது எப்ப வந்துச்சி?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். மறுநாள் மாசிலாமணி, லிப்டுக்காக எத்தனை மனு எழுதினேன், எந்தெந்த வாசலில் எத்தனை மணி நேரம் நின்றேன் என்று விவரமாகச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்தவர் தன் கையில் இருந்த மனு நகலைப் பார்த்துவிட்டு, யாரோ விட்டுப்போன தாள் என்று பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நான்கு பேர். அதற்குள் சனங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் கேமராவிடம் எதைச் சொல்கிறோமோ அது சொன்னவரை விட்டு இறங்கிப் போய்விடுகிறது. ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம். இரண்டாம் தடவை சொல்ல உள்ளே எதுவும் இருக்காது.

லிப்டு ஓடாததையும் தண்ணீர் ஏறாததையும் பழகிக்கொண்ட மாதிரியே இதையும் பழகிக்கொண்டார்கள். முதலில் கொஞ்சம் பயம் இருந்தது. எட்டாம் பிளாக்கில் ஒருத்தி ஆற்றோரத்து மீன் சந்தையைப் பற்றிப் பேசும்போது பேச்சுவாக்கில் மீன் குழம்பு வைக்கிற விதத்தையும் சொல்லிவிட, அந்த வீட்டில் குழம்பு நின்றுபோய், பக்கத்து வீட்டுக்காரி அடுப்படிக்கே வந்து முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் சில கட்டுப்பாடுகள் தாமாகவே வந்தன: கைத்தொழிலைச் சொல்லாதே, பிள்ளைகள் பேரைச் சொல்லாதே, வீட்டு எண்ணைச் சொல்லாதே. மற்றதையெல்லாம் சொல்லலாம். புருஷன் விட்டுவிட்டுப் போனதைச் சொன்னவள் அன்று சாயங்காலமே தலையில் பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். போலீஸ் அடித்ததைச் சொன்னவன் லேசாக நொண்டிக்கொண்டே சிரித்தான். ஆற்றோரத்து வீட்டைச் சொன்னவர்கள், பிறந்ததிலிருந்தே எட்டு மாடியில் இருப்பவர்கள்போல நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கூட்டம் சேரச் சேர வரிசை வேண்டியிருந்தது. தண்ணீர் லாரிக்கு வைப்பதுபோலவே ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து இடம் பிடித்தார்கள்; பச்சை, நீலம், சிவப்பு என்று இட்லிக் கடை வாசலிலிருந்து பதினேழாம் பிளாக்கின் படிக்கட்டு வரைக்கும் காலிக் குடங்கள் நின்றன.

அதிதி பயந்துபோய் அவளுடைய பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். "ரீடேக் எடுக்க முடியாததுக்குத்தானேம்மா டாக்குமெண்டரின்னு பேரு" என்று அவர் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டில்லி வீட்டில் இருந்தான். கோமளா பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டு வெறுங்கையோடு ஏறி வந்தாள்.

"கொடம் எங்க?"

"கீழ. வரிசையில."

"தண்ணி லாரி காலையிலயே வந்துட்டுப் போச்சே."

"தண்ணிக்கு இல்ல."

டில்லிக்கு விளங்கியது. கட்டிலிலிருந்து எழுந்து வந்து கதவை மறித்து நின்றான். "வாணாம் கோமளா."

"வாணாம்னா நீ இன்னா பண்ணப்போற? சொல்லு, கேக்குறேன்." பதினோரு மாதத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. "நீ வேலைக்குப் போற. கம்பியப் பாக்குற, வளைக்கிற, கட்டுற, நாலு பேரோட டீ குடிக்கிற. நான் அந்தப் பலகைய மட்டுந்தான் பாக்குறேன். பால் வாங்கினு வாடின்னு நான்தான் சொன்னேன். தெனமும் சொல்றேன்யா. கண்ண மூடுனாலும் சொல்றேன், தொறந்தாலும் சொல்றேன். ஒரு நாளாவது சொல்லாம இருக்கணும்."

"அப்ப அவ?"

"அவள நீ வச்சிக்க." கோமளா அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு பேரும் தூக்க வாணாம். ஒருத்தர் கையில பத்திரமா இருந்தா போதும். ஆனா நீ எங்கியும் போயி இத்த ஒளறிடாத. நீயும் சொல்லிட்டின்னா அப்பறம் அவ யாருகிட்ட இருப்பா?"

டில்லி வழியை விட்டான். வழியை விட்டதற்காகப் பின்னால் எத்தனையோ தடவை தன்னைத் திட்டிக்கொண்டான், ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கண்களைப் பார்த்த எவனும் வழியை விட்டிருப்பான்.

அதிதி எடுக்க மாட்டேன் என்றாள். "அக்கா, வேணாங்க்கா. என்ன ஆகுதுன்னு எனக்கே புரியல."

"நீ புரிஞ்சிக்க வாணாம்மா. அந்தத் தம்பிய அமுக்கச் சொல்லு."

பதினான்கு நிமிஷம் பேசினாள். ஆற்றோரத்து வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளில் வலி எடுத்ததிலிருந்து தொடங்கி, பிள்ளைக்கு முதலில் வந்த பேச்சு, அம்மை போட்டபோது வேப்பிலையில் படுக்க வைத்தது, விழுந்த பல்லை ஜன்னல் வழியே வீசச் சொல்லி அடம்பிடித்தது, பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், வீட்டைக் காலி செய்கிறவள் பாத்திரங்களை எடுத்து வெளியே வைப்பதுபோல. கடைசியில் பாலையும் சொன்னாள், கதவையும் சொன்னாள். பேரைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அப்போதும் மறக்காமல் "என் பொண்ணு, என் பொண்ணு" என்றே சொன்னாள். முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். படியோரம் நின்ற டில்லியைப் பார்த்து, "இன்னாய்யா அழுவுற? யாராவது இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு முன்னாலேயே டில்லி மாடிக்கு ஓடி, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் கழற்றினான். யூனிபார்ம், பாடப்புத்தகம், ஒரு காலுக்கு மட்டும் வார் அறுந்த செருப்பு எல்லாவற்றையும் சிமெண்டுச் சாக்கில் போட்டுக் கட்டினான். மறுநாள் அதைச் சுமந்துகொண்டு போய், வேலை நடக்கும் இடத்தில் கம்பிகளுக்குக் காவலாகப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் வைத்தான். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும்போது சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவான்.

கோமளா நிமிர்ந்தாள். குளித்தாள், தலை வாரினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். பக்கத்து மென்பொருள் கம்பெனியில் தரை துடைக்கிற வேலைக்குப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதில் ஏறிக்கொண்டாள். அவள் சிரித்தபோது டில்லிக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருப்பது துரோகம் மாதிரியும் இருந்தது. ஆற்றோரத்துக்கு அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் பார்த்த சிரிப்பு அது.

ஒரு சாயங்காலம் அவன் நாலாவது மாடியில் ஏறிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் கேட்டது. "பூவிழி! ஏய் பூவிழி! வாடி இங்க!" கோமளாவின் குரல். கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கு படியில் உருண்டது. இரண்டு மாடியை எப்படி ஏறினான் என்று அவனுக்குத் தெரியாது. கோமளா வாசலில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால், கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி.

"மீன்காரம்மா குடுத்தாங்க" என்றாள். "இந்தப் பேரு எங்க கேட்டேன்னு தெரில. நாக்குலயே நின்னுக்கினு இருந்துச்சி. நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு" என்றான் டில்லி. பேரைக் கேமராவிடம் சொல்லாததால் பேர் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது, பிள்ளை இல்லாத பேர். அதற்குப் பிறகு தினமும் பத்துத் தடவை அந்தப் பேரை அவன் காதில் வாங்கினான். பத்துத் தடவையும் திரும்பிப் பார்த்தான்.

பூவிழியைப் பற்றிப் பேச ஆள் தேடிப் போனபோதுதான் அவனுக்கு முழுதும் தெரிந்தது. அதிதி எல்லோரிடமும் கேட்ட கேள்விகளில் ஒன்று லிப்டைப் பற்றியது. எல்லோரும் லிப்டென்றால் பூவிழியைத்தான் சொல்லியிருந்தார்கள். சுகுணா சொல்லியிருந்தாள், அடுத்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், அவளோடு பாண்டி ஆடிய பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லியிருந்தார்கள். டில்லி கேட்டால், "எந்தப் பொண்ணுப்பா?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். இருபத்து நான்கு கட்டடத்தில் அவன் மகள் அவன் ஒருத்தனிடம் மட்டும்தான் இருந்தாள்.

அவன் அதிதியைத் தேடிப் போனான். "இத திருப்பிக் குடுக்க முடியுமாம்மா? எல்லாத்தையும் வாணாம். கோமளாவுக்கு மட்டும், கொஞ்சமா."

"முயற்சி பண்ணிப் பாத்துட்டேன் அண்ணா." அந்தப் பெண் மெலிந்துபோயிருந்தாள். "சுகுணாக்காவுக்கு லேப்டாப்ல போட்டுக் காட்டினேன். சீரியல் பாக்குற மாதிரி பாத்தாங்க. ‘அப்பறம் அந்த இட்லிக்காரி இன்னா ஆனா’ன்னு கேட்டாங்க." எடுத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்த சின்னப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தாள். "எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா அண்ணா? அழிச்சா அவங்ககிட்டயே திரும்பி வந்துடுமோ என்னவோ."

"வரலன்னா?"

வராவிட்டால் எங்குமே இருக்காது. இரண்டு பேரும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

பதினான்காம் மாதம், யாரும் எதிர்பாராமல், விசாரணைக்குக் கடிதம் வந்தது. தாய், தகப்பன், சங்கத் தலைவர், சாட்சிகள் நால்வர் ஆஜராக வேண்டும். வேன் பிடித்துப் போனார்கள். விசாரித்த அதிகாரி நல்ல மனுஷர். எல்லோரையும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவருக்குப் பின்னால், மூன்று காலில் ஒரு கேமரா நின்றது.

"இப்ப எல்லாத்தையும் வீடியோவுல பதிவு பண்ணணும்னு உத்தரவு. பயப்படாதீங்க" என்றார்.

மாசிலாமணியிடம் அவர் எழுதிய மனுவையே காட்டினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்து, "ரொம்ப நல்லா எழுதியிருக்காரு சார், யாரு எழுதுனது?" என்று கேட்டார். சாட்சிகள் நான்கு பேரும் லிப்டில் எந்தக் குறையும் கேள்விப்படவில்லை என்றார்கள். அடுத்தது கோமளா.

"இறந்துபோன குழந்தை உங்க மகள்தானே அம்மா?"

"எனக்குக் கொழந்த இல்லீங்க சார்" என்றாள் கோமளா. அதைச் சொல்லும்போது வருத்தம் இருந்தது, பிள்ளை இல்லாதவளின் வருத்தம். "வேண்டாத சாமி இல்ல."

அதிகாரி பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், டில்லியைப் பார்த்தார். "அப்பா நீங்க சொல்லுங்க. ஒருத்தர் தெளிவாச் சொன்னாக்கூடப் போதும், இருபத்து நாலு கட்டடத்துலயும் லிப்டை மாத்தறதுக்கு நான் எழுதிடுவேன்."

டில்லி கேமராவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பிள்ளைகளின் கேமராவுக்கு இருந்த குணம் இந்தக் கேமராவுக்கும் உண்டா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. வாயைத் திறந்தால் இன்னொரு பிள்ளை விழாமல் இருக்கலாம். வாயைத் திறந்தால், இந்த நாற்காலியிலிருந்து எழும்போது, கொட்டகையில் இருக்கிற சாக்கு யாருடையது என்று கேட்கிறவனாகவும் எழலாம். மகளின் பாதி முளைத்த பல் நாக்கின் நுனிவரை வந்தது. நீயும் சொல்லிட்டின்னா அவ யாருகிட்ட இருப்பா?

"எழுதிக் குடுக்கட்டுமா சார்?"

"எழுதினாலும் கேமரா முன்னாடி படிக்கணும்ப்பா. அதான் முறை."

அவர்களோடு வேனில் வந்து வாசலில் நின்றிருந்த அதிதி உள்ளே வந்து, "சார், அவங்க எல்லாரும் பேசினது என்கிட்ட இருக்கு, இதோ" என்று பெட்டியை நீட்டினாள். "படம் வேறம்மா, சாட்சி வேற" என்று அவர் வருத்தத்தோடு கையை ஆட்டினார். மின்விசிறி சுற்றியது. டீயில் ஆடை படிந்தது. டில்லி பேசவில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு அதிகாரி, "தகப்பன் எதுவும் கூற விரும்பவில்லைன்னு போட்டுக்கறேன்" என்று சொல்லி, கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினார். டில்லி கையெழுத்துப் போட்டான். பேனா தாளைக் கிழித்தது.

அந்த வாரத்திலிருந்து டில்லி வேலை முடிந்து வரும்போது கட்டுக்கம்பி கொண்டுவந்தான். ஒரு கட்டடத்துக்கு எட்டு லிப்டுக் கதவு, ஒவ்வொரு கதவுக்கும் நான்கு சுற்று. கொக்கியை மாட்டி முறுக்கி, திறக்க முடியாதபடி கட்டினான். இரண்டு நாளில் அலுவலகத்து ஆள் வந்து வெட்டிவிட்டுப் போவான், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டுவான். டில்லி திரும்பக் கட்டுவான். ஏன் கட்டுகிறாய் என்று கேட்டவர்களிடம் பதில் சொல்ல முடியாது, அதனால் சிரித்து வைத்தான். பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே சனங்கள் படியேறிப் போனார்கள்.

அதிதியின் படத்துக்குக் காலேஜில் முதல் மதிப்பெண் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எட்டு மாடிக்கே கொண்டுவந்தாள். சமுதாயக்கூடத்து ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கி, சுவரில் வெள்ளை வேட்டி விரித்து ஓட்டினார்கள். சனங்கள் முறுக்குத் தின்றுகொண்டு பார்த்தார்கள், பிறகு முறுக்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தங்கள் முகங்களைப் பார்த்து, "நம்மள மாதிரியே கீறாங்கடி" என்று அதிசயப்பட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக்கூட அந்த வேட்டியில் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இட்லிப் பானையோடு ஓடியவளுக்காகச் சுகுணா மூக்கைச் சிந்தினாள். படம் முடிந்ததும் மாசிலாமணி எழுந்து நின்று, தழுதழுத்த குரலில், "எந்த ஊரு சனமோ, இவ்ளோ கஷ்டப்பட்டுக்கீதுங்க. இவுங்களுக்காக நாம ஒரு மனு எழுதணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கோமளா கை தட்டவில்லை. வேட்டியை மடித்த பிறகும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அதிதியிடம் போனாள்.

"பாப்பா, அந்தப் பொண்ண பறிகுடுத்த அம்மா எந்த பிளாக்கு?"

அதிதி டில்லியைப் பார்த்தாள். டில்லி தலையை அசைத்தான், வேண்டாம் என்று. சொன்னால் என்ன ஆகும்? உன் பிள்ளைதான் என்று சொன்னால் அவள் நம்புவாளா? நம்பினால், பதினோரு மாதம் உட்கார்ந்திருந்த அந்தச் சுவருக்கே அவளைத் திரும்ப அனுப்பிவைப்பது இவன்தானே? "தெரியலங்க்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"படிக்கட்டப் பாத்தா நம்ம எட்டு மாடிதான்யா" என்றாள் கோமளா டில்லியிடம். "இங்கதான் எந்த பிளாக்குலயோ கீறா. நாம தேடிப் பாக்கலாம், வா."

தேட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளாக். கோமளா முன்னால் போய்க் கதவைத் தட்டுவாள், "படத்துல வந்தாங்களே, பொண்ண பறிகுடுத்த அம்மா, அவுங்க இங்க கீறாங்களா?" என்று கேட்பாள். உள்ளே இருக்கிறவர்கள் நல்லபடியாகப் பேசுவார்கள், உட்காரச் சொல்வார்கள், அடுத்த பிளாக்கில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வார்கள். டில்லி பின்னால் நிற்பான். அவள் வீடு வீடாகப் போகும்போது அவன் அந்த மாடியின் லிப்டுக் கதவைக் கட்டிவிட்டு வருவான். ஆறு பிளாக் ஆயிற்று, பத்து ஆயிற்று, பதினைந்தும் ஆயிற்று. ஒரு தடவையாவது அவள் சலித்துக்கொண்டு விட்டுவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் விடவில்லை.

இருபத்து இரண்டாம் பிளாக்கின் ஏழாவது மாடியில் ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லோரும் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கோமளா மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். டில்லியும் உட்கார்ந்தான். கீழே யாரோ துணி துவைக்கிற சத்தம் ஏழு மாடி ஏறி வந்தது.

"பாத்தா அவகிட்ட இன்னா கேக்கப் போற?" என்றான்.

கோமளா யோசிக்கவே இல்லை, முன்பே யோசித்து வைத்திருந்தாள். "எப்பிடி நடந்துச்சின்னு எல்லாரும் கேட்டுட்டு இருப்பாங்க. நான் அத்த கேக்க மாட்டேன். சாப்ட்டியான்னு கேப்பேன்."

டில்லி எதிர்ச்சுவரைப் பார்த்தான். அவனை அப்படி யாரும் கேட்டதில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? பேச வாணாம்னு சொல்லுவேன். பக்கத்துல உக்காந்துக்குவேன், அவ்ளோதான்."

அவள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் அவன் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் அசையாமல் இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"எந்திரிய்யா. இன்னும் ஒரு மாடி கீது."

டில்லி எழுந்து அவள் பின்னால் ஏறினான்.